பேஸ் கிட்டாருக்கு வைத்த பொட்டு

கண்டியில், கிட்டார் திருத்துபவரின் மேசைமேல் உன் பேஸ் கிட்டார் கிடந்தது. கம்பிகளுக்கு அடியில், அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பெட்டியின் மூடியை அவர் மெல்ல நெம்பித் திறந்தார். சந்தனம் மணத்தது.

"மாத்தயா, இது என்னா, மஞ்ச மஞ்சயா கல்லு மாதிரி? எலி கூடு கட்டினதா?" என்று கேட்டார் அந்தச் சிங்களப் பெரியவர். எலி இல்லை, நான்தான் என்றேன்.

நீ உயிரோடு இருந்தவரை, நீ விற்ற இந்தக் கிட்டாரைத் தேடும் எண்ணம் எனக்கு வரவில்லை. நீ செத்துப்போன பிறகு நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் சுவரில் கண்டேன். பின்பக்கம் உன் பெல்ட் கீறிய வெள்ளைக் கோடுகள் அப்படியே இருந்தன. ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரத் தோட்டத் துரை, தன் பங்களாவில் சமைத்த உன் அப்பாவுக்குக் கொடுத்துச் சென்ற சிவப்பு ஜப்பான் கிட்டார். அந்த மாதிரியைச் சேகரிப்பவர்கள் இன்று உலகெங்கும் தேடுகிறார்களாம். நீயோ, நான் பாட, அதைக் கல்யாண வீடுகளில் மழைக்கு ஒதுக்கிவைத்து வாசித்தாய்.

"அது ஆன்டிக் சார். பாக்கிறதுக்கு மட்டுந்தான்" என்றார் ஹோட்டல் மேனேஜர். பக்கத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் கூடை ஒன்றும் தொங்கியது. அதுவும் ஆன்டிக் என்றார். ஜன்னலுக்கு வெளியே, அதே மாதிரிக் கூடையோடு பெண்கள் மலையேறிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் என் அப்பாவின் பித்தளை வெற்றிலைப் பெட்டியைக் கொடுத்து மாற்றிக்கொண்டேன். இப்போது அங்கே அது 'துரையின் நகைப்பெட்டி' என்ற அட்டையோடு இருக்கிறது.

ஆயுத பூசைக்கு நான் வேலை செய்த தேயிலைத் தொழிற்சாலையில் எல்லா மெஷினுக்கும் பொட்டு வைப்போம். மின்சாரப் பலகைக்கு மட்டும் வைக்கக் கூடாதென்று எழுதியே ஒட்டியிருந்தார்கள். வாசிக்கத் தெரிந்தவன் நான். பூசை முடிந்ததும் மிச்சச் சந்தனத்தோடு உன் லயத்து வீட்டுக்கு வந்து, மின்சாரத்தில் ஓடும் உன் கிட்டாருக்கு, அந்தக் காந்தப் பெட்டியின் மூடிமேல், வருடம் தவறாமல் அப்பினேன். நீ வேதக்காரன், மாதா கோவிலுக்குப் போகிறவன். ஆனாலும், "வைடா, வை. எங்க சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்பாய்.

பிறகு நோர்வூட் மாதா கோவில் திருவிழா. மேடையில் உன் கிட்டார் உறுமியது. நீ எதைத் தொட்டாலும் ஸ்பீக்கர் கொர்ரென்றது. பாட்டின் நடுவில் நான் மைக்கைப் பிடித்து, "நம்ம பேஸ்காரருக்கு இன்னைக்கு வெரல்ல சளி புடிச்சிருக்குங்க, மன்னிச்சுக்குங்க!" என்றேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நீயும் சிரித்தாய். பாட்டை முடித்துவிட்டு, கம்பிகளைத் துடைத்து, இறங்கிப் போனாய். அதற்குப் பிறகு நீ வாசிக்கவே இல்லை. நாம் பேசாமல் இருந்ததில்லை. மழை, சம்பளம், தேர்தல் என்று பாட்டைத் தவிர எல்லாவற்றையும் பேசினோம். மகள் கொழும்புக்குப் படிக்கப் போனபோது கிட்டாரை விற்றுவிட்டாய் என்று யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

கண்டிப் பெரியவர் ஊசியால் சந்தனத்தைச் சுரண்டினார். ஈரச் சந்தனம் உள்ளே இறங்கி, எர்த் வயரை அரித்துத் துண்டாக்கியிருந்தது. உறுமலுக்குக் காரணம் அதுதான். உன் விரலில் ஒரு குறையும் இருக்கவில்லை.

அவர் புது வயர் வைத்துத் தந்ததும், நேராக உன் மனைவியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"அவருக்குத் தெரியும்ண்ணே. மறு வாரமே தொறந்து பாத்தாரு."

"ஏன் தங்கச்சி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நானும் கேட்டேன். 'அவன் அடுத்தவன வச்சு சிரிக்க வைப்பான். அவன வச்சு நாலு பேரு சிரிச்சா தாங்க மாட்டான். இத சரி பண்ணி வாசிச்சா எல்லாரும் காரணம் கேப்பாங்க, விட்டுரு'ன்னாரு." பிறகு, "தேத்தண்ணி ஆறுது, குடிங்கண்ணே" என்றார்.

இந்த வருடத் திருவிழாவில், இப்போது டீச்சராக இருக்கும் உன் மகள் அந்தக் கிட்டாரை வாசித்தாள். உறுமல் இல்லை. ஆரம்பிக்கும் முன் நான் மைக்கை வாங்கி, சந்தனக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். விரலில் சளி என்று சொன்னது பொய், பிழை என் கையில் இருந்தது என்றேன். கூட்டத்திலிருந்து ஒருவன், "அண்ணே, அப்பிடியே டிரான்ஸ்போமருக்கும் ஒரு பொட்ட வச்சு விடுங்க!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையில் ஃபாதரும் சிரித்தார். என் காது கொதித்தது.

உன் கணிப்பு சரிதான், என்னால் தாங்க முடியவில்லை. ஆனாலும் இறங்கவில்லை. அன்று நீ நின்றதுபோல அந்தச் சிரிப்புக்கு முன்னால் நின்று பாட்டைக் கடைசிவரை பாடினேன். நாம் நூறு தடவை பாடிய பாட்டு அது. நாலு நிமிடத்தில் முடிந்துவிடும் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அது எவ்வளவு நீளம் என்று இப்போது எனக்குத் தெரியும்.