பால் எந்தப் பக்கம் பொங்கியது

மே 4, 1966. புதன்

எழுந்ததும் முதல் வேலையாகத் தேவனாம்பட்டினம் வீட்டின் மாற்றுச் சாவிகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவினேன். உப்புக்காற்று அங்கே கடலூரில். துரு மட்டும் சிதம்பரத்தில் என் அலமாரிக்குள். இன்று கத்திரி ஆரம்பம். ஏழு மணிக்கே கூடத்தில் வெயில்.

விடைத்தாள் கட்டு முடிந்தது. எட்டாம் வகுப்பில் ஒருத்தி வங்காள விரிகுடாவை மேற்குக் கரையில் போட்டிருக்கிறாள். கடல் என்று சொன்னதற்கு அரை மார்க்.

பதினோரு மணித் தபாலில் கதீஜாவின் கார்டு. அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, சாவி அவளிடம்தான் இருக்கும். 15 வரை வீட்டை எடுத்திருக்கிற ஸ்டேஷன் மாஸ்டர் தம்பதியைப் பற்றி, அவள் எழுதியபடியே:

"அக்கா, ஸ்டேஷன் மாஸ்டர் அய்யாவும் அவுங்க வூட்டம்மாவும் ஞாயித்துக்கிழமை வந்துட்டாங்க. வந்ததும் பால் காய்ச்சினாங்க. பொங்க வுட்டாங்க. எனக்கும் ஒரு டம்ளர் குடுத்தாங்க, சக்கரை ஜாஸ்தி. வண்டியில ஆட்டுக்கல் வந்து எறங்குச்சி. பதினஞ்சு நாளுக்கு வந்தவங்க மாதிரி எனக்குத் தெரியல."

கோடைக்கு வருகிறவர்கள் கொண்டு வருவது: பாய், பக்கெட், சீட்டுக்கட்டு, ஒரு கூடை மாம்பழம். ஆறு கோடையாக வாடகைக்கு விடுகிறேன், ஆட்டுக்கல் வந்ததில்லை. பால் காய்ச்சுவது குடியேறுகிறவர்கள் செய்கிற காரியம்.

என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். உடனே வீட்டிலும் வக்கீல் ஆகிவிட்டார்.

"வாடகைச் சட்டம் யார் பக்கம்னு தெரியுமில்ல? அவங்க போகமாட்டேன்னு உக்காந்துட்டா, கோர்ட்டுக்கு நடந்தே நீ கெழவியாயிடுவ. எழுதி வாங்கினியா?"

"லெட்டர் இருக்கு."

"லெட்டர்! கடல்காத்துக்கு வரோம், நமஸ்காரம்னு ஒரு லெட்டர்."

மே 5. வியாழன்

காற்றே இல்லை. வத்தல் போட்டேன்.

சாப்பிடும்போது பழைய பல்லவி. ஏதாவது ஆபீசுக்கு வருஷம் பூரா விட்டுவிடலாமாம். அக்ரிமெண்ட் அவரே எழுதுவாராம். பிறகு நான் அந்தப் பக்கமே போக வேண்டியதில்லையாம். இதை ஒரு சலுகை மாதிரிச் சொல்கிறார்.

கீரப்பாளையத்தில் அம்மா எனக்கென்று எழுதிவைத்த நிலத்தை விற்றுக் கட்டிய வீடு. பத்திரம் என் பேரில். சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

முடிவில் ஒப்பந்தம், வாய்ப்பேச்சாக. பதினைந்தாம் தேதி அவர்கள் காலி செய்யாவிட்டால், இனி வீடு அவர் சொல்கிறபடி. செய்துவிட்டால் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. "சரி"யென்றேன். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டேனோ.

நெய்வேலியிலிருந்து ஒரு இன்ஜினீயர் குடும்பம் 20 முதல் மாதக் கடைசி வரை கேட்டு எழுதியிருக்கிறது. பதில் போட வேண்டும்.

மே 6. வெள்ளி

முதல் பஸ். ஆலப்பாக்கம் வரை நின்றுகொண்டே. கடலூரில் இறங்கி ரிக்‌ஷா. போகும் வழியெல்லாம் கண்டிப்பான நாலு வாக்கியம் தயார் செய்துகொண்டேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு அம்மாள் பெயர் ராஜலட்சுமி. அறுபதுக்குக் கிட்டே. பின்கட்டில் மாவாட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. கையெல்லாம் மாவு. உக்காருங்க."

என் வீட்டில் என்னை உட்காரச் சொல்கிறார். உட்கார்ந்தேன். நாலு வாக்கியத்தில் ஒன்றுதான் வாயில் வந்தது.

"பதினஞ்சாந் தேதி காலி பண்ணிடுவீங்கல்ல?"

"பதினாலே போகச் சொன்னாலும் போயிடுறோம். ஏம்மா?"

"பால் காய்ச்சினீங்கன்னு..."

முன் கூடத்திலிருந்து, பேப்பருக்குப் பின்னால், ஸ்டேஷன் மாஸ்டரின் குரல்: "கேட்டுட்டாங்களா? வண்டி ரெண்டு மணி லேட்டுன்னா வெயிட்டிங் ரூம்லயே பால் காய்ச்சிடுவா இவ!"

"நீங்க சும்மா இருங்க. முப்பது வருஷம் குவார்ட்டர்ஸும்மா. பதினோரு ஊரு. ஒரு ஊருல மூணே மாசம், அங்கயும் காய்ச்சினேன். சொந்த வூட்டுலதான் காய்ச்சணும்னா நான் என்னைக்குக் காய்ச்சுறது? அடுப்பு மூட்டுனா அது வூடு. அவ்ளோதான்."

"ஆட்டுக்கல்?"

"அடுத்தவங்க கல்லு என் கைக்கு ஆவாதும்மா."

கதீஜா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "கேட்டீங்களாக்கா? நான் என்னமோன்னு பயந்துட்டேன்" என்றாள். கையில் இந்த அம்மாள் கொடுத்த இட்லி.

எல்லோரும் சிரித்தோம். பிறகு அந்த அம்மாள் சாதாரணமாகக் கேட்டார்: "நீங்க காய்ச்சினப்ப பால் எந்தப் பக்கம் பொங்குச்சு? கெழக்கயா?"

"கிழக்கே" என்றேன்.

மே 7. சனி

பொய். எனக்குத் தெரியாது.

கிரகப்பிரவேசத்தன்று நான் தூரம், மூன்று நாள் விலக்கு. பத்திரிகை அடித்தாயிற்று, ஐயருக்குச் சொல்லியாயிற்று, முகூர்த்தம் மாற்ற முடியாது. நாத்தனார் காய்ச்சினாள். நான் வெளியே கிணற்றடியில் புன்னை மரத்தின் கீழ் ஒரு நாற்காலியில். உள்ளே எல்லோரும் "பொங்கிடுச்சு, பொங்கிடுச்சு" என்றார்கள். டம்ளரில் பால் வந்தது. குடித்தேன். யாரும் தவறாக நடந்துகொள்ளவில்லை. எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

அதற்கடுத்த மாதமே வாடகைக்கு. ஆறு வருஷம். நானாக நினைத்துப் பார்த்தேன்: அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை. ஓடு மாற்றியிருக்கிறேன், கிணற்றுக் கயிறு, தாழ்ப்பாள், நூற்றெட்டு தடவை சுண்ணாம்பு. பார்த்துவிட்டு நாலு மணி பஸ். பதினோரு ஊரில் காய்ச்சியவளுக்கு என்னைவிட அதிகம் வீடுகள்.

அவர் கேட்டார், "என்ன சொல்றாங்க?"

"பதினஞ்சாந் தேதி பாருங்க."

மே 11. புதன்

தலைவலி. சுக்குப் பற்று. நெய்வேலிக்கு இன்னும் பதில் போடவில்லை. இப்படித் தள்ளிப் போடுகிறவள் இல்லை நான்.

மே 15. ஞாயிறு

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசல் தெளித்துக் கோலம். வீடு நான் கொடுத்ததைவிடச் சுத்தம். ஸ்டேஷன் மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சாவியைக் கொடுத்தார். "ரைட் டைம்" என்றார்.

வண்டிக்காரன் ஆட்டுக்கல்லைத் தூக்க முணுமுணுத்தான். அந்த அம்மாள், "அடுத்த வருஷமும் வருவோமில்ல, இங்கயே கெடக்கட்டுமே" என்றார்.

எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. இருந்தாலும், "கல்லு மட்டும் உங்களோட வந்துடட்டும்மா. எங்க வீட்டுக்காரர் வக்கீல்" என்றேன். புரிந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தார். கல் வண்டியேறியது.

நான் கிளம்பும்போது கதீஜா, "அடுத்து யாருக்கா வர்றது? நெய்வேலிக்காரங்களா?" என்றாள். "பாக்கலாம்" என்றேன்.

சிதம்பரம் திரும்பியதும் சாவியை அவர் முன்னால், சட்டப் புத்தகத்தின் மேல் வைத்தேன்.

"ம். பொழச்ச" என்றார். அத்தோடு சரி. மனிதர் வாக்குத் தவறமாட்டார்.

நெய்வேலிக்குக் கார்டு எழுதி, பெட்டியில் போட்டும் வந்தாயிற்று. "மன்னிக்கவும். மே 17 முதல் பள்ளி திறக்கும்வரை வீடு காலியில்லை." காரணம் எழுதவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. காலைக் காப்பியின்போது சொல்லிக்கொள்ளலாம். பதினைந்து நாள் ஓட்டல் சாப்பாட்டில் ஒன்றும் இளைத்துவிடமாட்டார்.

டிரங்குப் பெட்டியில்: புடவை நாலு, படிக்க வேண்டியவை இரண்டு, தலையணை. சின்ன வெண்கலப் பானை. பஞ்சாங்கம் எடுத்துப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை முதல் பஸ். கதீஜா வீட்டு ஆட்டுப்பால் ஆனாலும் சரி. எந்தப் பக்கம் பொங்குகிறது என்று நானே நின்று பார்க்க வேண்டும்.