எலும்பு படிக்கும் வாரத்தில் பவி

மார்ச் 4, செவ்வாய்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. நர்சிங் முதல் வருடத்துக்கு இந்த வாரம் முழுக்க மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு கூடத்தில் வகுப்பு. ஃபார்மலின் நெடியில் கண் எரிச்சல். மேஜைமேல் ஓர் அம்மா. உடல் தானம். "காலத் தொட்டுப் பாருங்க, பயப்படாதீங்க" என்றார் மேடம். இரண்டாவது விரலில் மெட்டி கிடந்த தடம். அதற்குமேல் எதையும் பார்க்க முடியவில்லை.

பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழி ஜெபா, பதினெட்டு வயது: "அக்கா, மயங்கி விழுறதா இருந்தா எம்மேல விழுந்துராதீக. நானே இன்னும் சாப்பிடல."

ஆமத்தூரில் வீட்டு வாசலிலேயே வாளியோடு அத்தை. கேத வீட்டுக்குப் போய் வந்தவளுக்கு வைப்பதுபோல மஞ்சள், வேப்பிலை. "தலைக்கு ஊத்திட்டு உள்ள வாத்தா. பொணத்தத் தொட்ட கை." என் பங்குக்கு மருந்துச் சோப்பு, இரண்டு தடவை. மேலே பவுடர். மகள் பவி மாரில் முகம் வைத்தாள். திருப்பிக்கொண்டாள். ஒன்பது மாதத்தில் இப்படிச் செய்ததே இல்லை.

மார்ச் 5, புதன்

பால் கட்டிக்கொண்டு வலி. பீய்ச்சிக் கொட்டினேன்.

மணிக்கட்டு எலும்பு எட்டு. ஸ்கேபாய்டு, லூனேட், டிரைகுவெட்ரல், பிசிஃபார்ம்... மிச்சம் நாளைக்கு. ஒரு வயதுவாக்கில் அதில் இரண்டுதான் எலும்பாகியிருக்குமாம், மற்றதெல்லாம் குருத்து. தூங்குகிற பவியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். இவ்வளவு பாதியில் இருப்பவளையா தினமும் விட்டுவிட்டுப் போகிறேன்?

சாயங்காலம் இன்னும் அழுத்தித் தேய்த்துக் குளியல். மறுபடி மறுப்பு. அத்தை: "அந்த வாடை ஒன் ஒடம்புல ஏறிப்போச்சு. புள்ளைக்குத் தெரியுது." பவியின் அப்பா சிவகாசி அச்சகத்திலிருந்து வந்த களைப்பில்: "ஒனக்கு எது சரின்னு படுதோ செய் புள்ள." இதை வைத்து என்ன செய்ய?

மார்ச் 6, வியாழன்

இன்றும் குடிக்கவில்லை. பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுத்ததையும் தட்டிவிட்டாள். அத்தை ஊட்டும் கஞ்சியோடு சரி. இளைத்துவிட்டாளோ? என் கண்ணுக்குத்தானோ?

படிப்பை நிறுத்தப்போகிறேன் என்று ஜெபாவிடம் சொன்னேன். "பி.காம். முடிச்சு, கணக்கு எழுதப் பிடிக்காம இங்கன வந்தீக. இப்பப் பவியச் சாக்கு வச்சுப் போனீகன்னா, பெரிசானதும் அவளே ஏசுவா."

நாளையும் குடிக்காவிட்டால் படிப்பை நிறுத்துவது. முடிவு.

மார்ச் 7, வெள்ளி

இதயத்தைக் கையில் வாங்கினேன். கைக்கு அடக்கம்தான். இந்த முறை கண்ணை விலக்கவில்லை. அதுவே பயமாக இருந்தது. பிறகு முழங்கை வரை கழுவி, கோட்டை அங்கேயே கழற்றிவிட்டு பஸ். நின்றபடியே வந்தேன், அப்படிக் கூட்டம்.

வீட்டில் வாளி காலி. குழாயில் தண்ணீர் வரவில்லை. அத்தை தெருமுனையில், தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு. பவி தவழ்ந்து வந்து துப்பட்டாவைப் பற்றி இழுத்தாள். தூக்கினேன். முட்டி முட்டிக் குடித்தாள், மூச்சு வாங்க.

"ஏத்தா, குளிக்காம தொட்டுட்டியா!" வாசலில் அத்தை.

"தண்ணியில்லயே அத்தை..."

குடத்தை இறக்காமலே பார்த்துக்கொண்டு நின்றார். கூடத்து நெடி, பஸ் வேர்வை எல்லாம் என்மேல் அப்படியே இருந்தது. இத்தனை நாளும் சோப்புப் போட்டுக் கழுவி எடுத்தது என் வாசனையைத்தானா?

அத்தையே சொன்னார்: "தேச்சுத் தேச்சு ஆத்தா ஆருன்னே புள்ளைக்குத் தெரியாமப் பண்ணிட்டமோ?" உடனேயே, "இருந்தாலும் காலயாச்சும் கழுவியிருக்கலாம்ல."

குடித்தபடியே தூங்கிவிட்டாள். ஒரு கையால் எழுதுகிறேன். இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துவிட்டன. முழங்கையில் அவள் தலை. அழுந்துவது அல்நர் நரம்பு, தெரிகிறது. கையை எடுக்கவில்லை.