ஊர்ல எந்தத் தெரு?

புதன்கிழமை, ராத்திரி.

படுத்தும் தூக்கம் வரல. கோபம் அடங்கல.

காலேஜ்ல எச்.ஆர். படிக்கிறேன். மூணாம் வருசப் பயிற்சிக்குக் கப்பலூர்ல ஒரு கம்பெனிக்குப் போறேன். இன்னைக்கு ஆள் எடுக்குற நேர்காணல். மேனேஜர் பக்கத்துல உட்கார்ந்து கேள்வி கேக்குறது என் வேலை. உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்திருந்தாங்க. மெஷின் ஓட்டுன அனுபவம் இருக்கு. கேட்டதுக்கெல்லாம் பட்டுனு பதில் சொன்னாங்க. மேனேஜர் என் பக்கம் குனிஞ்சு, "ஊர்ல எந்தத் தெருன்னு கேளும்மா"ன்னாரு.

தெருவைக் கேட்டா சாதியைக் கேக்குறதுதான். இங்க யாருக்குத் தெரியாது? அது காதுல விழுந்து அந்த அக்கா முகம் சுருங்கிருச்சு.

"அது வேலைக்குத் தேவையில்ல சார்"னு நான் சொன்னேன்.

"சும்மா ஒரு விவரத்துக்குத்தான்மா"ன்னு சிரிச்சாரு.

"அப்ப நீங்க எந்தத் தெரு சார்?"னு கேட்டுட்டேன்.

சிரிப்பு நின்னுருச்சு. அக்காவை அனுப்பிட்டு, "உன் பயிற்சிச் சான்றிதழ்ல கையெழுத்துப் போடுறது நான். ஞாபகம் இருக்கட்டும்"னாரு.

வீட்டுல சொன்னா அப்பா, "உனக்கு எதுக்குத்தா இம்புட்டு வாயி?"ங்கிறாரு. பாகுபாடு பாக்கக் கூடாதுன்னு பரிட்சையில எழுதினா மார்க்கு, வாயால சொன்னா வாயாடியா?

என்னால அந்த அக்காவுக்கு வேலை கிடைக்காமப் போயிருமோன்னுதான்...

நாளைக்கும் நேர்காணல் இருக்கு. வராதேன்னு அவர் சொல்லல. போவேன். அதே நாற்காலியில உட்காருவேன். தெருவைக் கேக்கச் சொன்னா, முதல்ல அவர்கிட்டத்தான் கேப்பேன்.