விளக்குப் பக்கத்து அவரை

அக்கா,

இன்று காலை பனி காய்வதற்குள் அவரைக் கொடியில் சாம்பல் தூவிவிட்டு வந்து கை கழுவினேன். எத்தனை தரம் தேய்த்தாலும் அந்தப் பச்சை வாடை விரலை விட்டுப் போகவில்லை. மார்கழி, தை இரண்டு மாதமும் உன் கையில் இதே வாடைதான் இருக்கும். கனகாம்பரத்துக்கு வாசனையே கிடையாது. ஆனால் நீ என் தலையில் வைத்துவிட்டால் அதுவும் அவரை மணக்கும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ உயிரோடு இருந்தபோது ஆயிரம் கேள்வி கேட்டு உன்னை அரித்தவள் நான். இதை மட்டும் கேட்க முடியாமல் போய்விட்டது.

நீ போன பிறகு மாமா ஒரு பழைய பால் பவுடர் டின்னைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "இந்தாம்மா, அவளோட வெத டப்பா. எனக்கு இன்னா தெரியும், நீயே வச்சிக்கோ" என்றார். உன் வீட்டுக்காரர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. டின்னில் சாம்பலுக்குள் இரண்டு முடிச்சுகள் இருந்தன. ஒன்று வெள்ளை வேட்டித் துணி. இன்னொன்று அரக்குச் சிவப்பில் மஞ்சள் புள்ளி போட்ட துணி. அதைப் பார்த்ததும் திடுக்கென்றது. அது என் பழைய புடவை. இரண்டையும் அவிழ்த்தால் உள்ளே ஒரே அவரை விதை. கறுப்பு, ஓரத்தில் வெள்ளைக் கோடு. வெயிலில் வைத்துப் பார்த்தேன், உள்ளங்கையில் மாற்றி மாற்றி எடை பார்த்தேன், பல்லில் கடித்துக்கூடப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஒரே விதையை எதற்கு அக்கா இரண்டு முடிச்சாகப் போட்டாய்? அதுவும் ஒன்றை என் புடவையைக் கிழித்து?

எண்பத்தொன்பதில் நான் கல்யாணமாகி அடி அண்ணாமலைக்கு வந்தபோது நீ இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சமையல் தனி, வீடு தனி, பின்கட்டுத் தோட்டம் மட்டும் பொது. ஓரகத்திகள் என்றால் முட்டிக்கொள்ளாமல் இருப்பார்களா என்று தெருவே காத்துக்கொண்டிருந்தது. நாமும் அவர்களை ஏமாற்றவில்லை. ஆனால் காலையில் முட்டிக்கொண்டால் சாயங்காலம் உன் வீட்டுக் குழம்பு என் வீட்டுக்கு வந்துவிடும்.

ஐப்பசி மழை விட்டதும் உன்னைக் கையில் பிடிக்க முடியாது. கத்திரி, தக்காளிச் செடிகளின் அடியில் தேங்கிய தண்ணீரை வடியவிட்டு மண் அணைப்பாய். தீபக் கூட்டம் போய் ஊர் மூச்சு விட்டதும், கிளி கொத்தாமல் பப்பாளிக்குப் பழைய துணி சுற்றுவாய். கோலத்துக்குப் பூசணிப் பூ பறிக்க நான் போனால் கையில் ஒரு தட்டு விழும்.

"அடியில குட்டிப் பிஞ்சு தெரியுதில்ல, அத்த பறிக்காத. காம்பு மட்டும் நீட்டா இருக்குது பாரு, அத்த பறி. அதுலயும் ரெண்டு வுட்டு வை."

"ஏங்க்கா?"

"அப்படித்தான்."

நான் எதற்கும் ஏன் என்று கேட்பேன். நீ எல்லாவற்றுக்கும் அப்படித்தான் என்பாய். டவுனில் பிறந்து வளர்ந்தவள், எட்டாவது வரை படித்தவள், அதனால் நான்தான் யோசிக்கிறவள், நீ வெறுமனே செய்கிறவள் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பில் மண் விழ இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

உன் அவரைப் பந்தலைச் சொல்ல வேண்டும். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் உன் அம்மா வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்து வந்த விதை. ஆடியில் ஊன்றினால் மழைக்காலம் முழுக்க இலையாகவே தள்ளும். பனி விழ ஆரம்பித்ததும் ஒரே ஊதாவாகப் பூத்துக் குலுங்கும். கிரிவலப் பாதையும் நம் சந்தும் சேருகிற மூலையில் பந்தல். பௌர்ணமிக்கு நடப்பவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். பொங்கலன்று தெருவில் எல்லார் வீட்டுக் குழம்பிலும் உன் அவரை கிடக்கும். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாக நீ போகும் நடையில் ஒரு ராணிக்குரிய மிடுக்கு இருக்கும். நான் பின்னால் நின்று அதே மாதிரி நடந்து காட்டிச் சிரிப்பேன்.

பிறகு நான் டவுனில் ஜவுளிக் கடை வேலைக்குப் போனேன். திரும்பும் பஸ் ஏழு மணிக்கு வரும். கார்த்திகையில் ஆறுக்கே இருட்டிவிடும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீடு வரை ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. ஒரு நாள் ஒருத்தன் பின்னாலேயே வந்தான். நான் வேகமாக நடந்தால் அவனும் வேகமாக நடந்தான். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன். பந்தலடியில் இருந்த நீ மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பாதைக்கே வந்துவிட்டாய். நீ பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவன் போன திசை தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாய்.

"ஒரு பொம்பள செருப்ப கையில தூக்கிகினு ஓடியார்ற வழி ஒரு வழியாடி? எழுதுடி மனுவ. வெளக்கு போட்டே ஆவணும்."

மனு எழுதியது நான். முதல் கைநாட்டு உன்னுடையது. மாமாதான் குதித்தார். "வெளக்கு வந்தா குடிகாரனுங்க அதும் கீழ குந்திகினு சீட்டாடுவானுங்க. எதுனா தொல்லன்னு தெரிஞ்சுது, கல்லால அடிச்சி ஒடச்சிடுவேன்." அவர் சொன்னால் செய்கிற ஆள். திருவிழாவில் காதைப் பிளந்த ஒலிபெருக்கிக் குழாயை மரம் ஏறி அறுத்துப் போட்டவர்.

அடுத்த ஆவணியில் விளக்கு வந்தது. நம் மூலையிலேயே கம்பம், மஞ்சள் வெளிச்சம். அன்று ஏழு மணி பஸ்ஸில் இறங்கி நான் நடந்து வந்தேன் அக்கா. வெறுமனே நடந்து வந்தேன். அதற்கே எனக்கு அழுகை வந்தது.

அந்த மார்கழியில் உன் அவரை பூக்கவில்லை.

கிணற்றுப் பக்கம் கால் பந்தல் பூத்தது. மீதி முக்கால் பந்தலும் வெறும் இலை, பார்க்கக் கருகருவென்று. நீ சாம்பல் தூவினாய், புளித்த மோர் தெளித்தாய், தண்ணீரை நிறுத்திக் காயப் போட்டாய். பிறகு உனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. "பௌர்ணமிக்கு வர்றவங்க கண்ணுதான். ரோட்டுப் பக்கமாத்தான் பூக்கல, பாரு." பூசணிக்காயில் கண்ணும் மீசையும் வரைந்து ரோட்டுப் பக்கம் தொங்கவிட்டாய். மீசை மாமாவின் மீசை மாதிரியே இருக்கிறது என்று நான் சொல்ல, விழுந்து விழுந்து சிரித்தோம்.

பொங்கலுக்குச் சில நாள் முன்னால் கடைக்குப் புடவை எடுக்க ஒரு அம்மா வந்தார். வேளாண்மை ஆபீஸில் வேலை என்றார். சும்மா இருக்காமல் நம் அவரையைப் பற்றிக் கேட்டு வைத்தேன். அவர் ஒரு பார்டரைத் தடவிக்கொண்டே சொன்னார். "பக்கத்துல தெருவிளக்கு இருக்குதாம்மா? பட்டத்து அவரைக்கு ராத்திரி நீளமா, நல்லா இருட்டா இருந்தாத்தான் பூக்கும். அதனாலதான் பனிக்காலத்துல பூக்குது. வெளிச்சம் பட்டுக்கிட்டே இருந்தா இன்னும் காலம் வரலன்னு நினைச்சிக்கும்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதைச் சொன்னால் மாமா அன்றே கல்லை எடுப்பார். சொல்லாவிட்டால் உன் பந்தல் போயிற்று. பஸ்ஸில் வரும்போது முழுக்க யோசித்தேன். இறங்கியதும் அந்த மஞ்சள் வெளிச்சத்தில் என் நிழல் எனக்கு முன்னால் நடந்தது. வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் நீ வந்து, திருஷ்டிக்குக் கட்டப் பழைய செருப்பு ஒன்று வேண்டும் என்று கேட்டாய். வார் அறுந்து கிடந்த என் செருப்பைக் கொடுத்தேன். அன்று கையில் தூக்கிக்கொண்டு ஓடினேனே, அதே செருப்பு. நீ அதைக் கொடியில் கட்டினாய், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கிணற்றுப் பக்கம் காய்த்ததை நீ விதைக்கு விட்டுவிட்டதால் அந்தப் பொங்கலுக்கு டவுன் மார்க்கெட்டில் வாங்கிய அவரைதான் நம் குழம்பில். கூடையோடு நீ எந்த வீட்டுக்கும் போகவில்லை. உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் இருக்குமா? அடுத்த கார்த்திகையில் ஒரு வேலை செய்தேன். வேலையிலிருந்து வந்ததும் என் அரக்குப் புடவையை நாலாக மடித்துப் பந்தலின் விளக்குப் பக்கம் தொங்கவிடுவேன். காலையில் எடுத்துவிடுவேன். "பனியில எவடி பொடவ காயப் போடுவா?" என்று நீ கேட்டாய். "அப்படித்தான்" என்றேன். முதல் தடவையாக அந்த வார்த்தை என் வாயில்.

இருபது, இருபத்தைந்து நாள் போயிருக்கும். நீ என்னைக் கூப்பிட்டாய். பந்தலின் நடுவில் ஊதா நிறத்தில் ஒரு சதுரம் பூத்திருந்தது. புடவை தொங்கிய இடம் எதுவோ, அந்த அளவுக்கு, மடிப்பு ஓரம் வரைக்கும். அதைச் சுற்றி வெறும் இலை. நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாய். பிறகு கம்பத்தை அண்ணாந்து பார்த்தாய்.

"உன் பொடவ நல்ல ராசிடி. எனக்குக் குடு" என்றாய். அவ்வளவுதான்.

தப்பித்தோம் என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். ஆனால் அதற்கப்புறம் அந்தப் புடவையை நீ பந்தலில் கட்டவே இல்லை. "பந்தல கிணத்தாண்ட மாத்திடலாமேக்கா" என்று ஒவ்வொரு ஆடியிலும் கேட்டுப் பார்த்தேன். "இங்கதான் இருக்கணும்" என்றாய். வருஷா வருஷம் விளக்குப் பக்கம் இலையாகத் தள்ளும். எல்லாம் முடிந்த பிறகு மாசியில் நாலோ ஐந்தோ காய் பிடிக்கும். அந்த நாலைந்தைத் தொட யாரையும் விட மாட்டாய்.

ஒரு மாசியில் நான் தொட்டுவிட்டேன். வீட்டில் காய் இல்லை, அவசரம், ஐந்து காய் பறித்து சாம்பாரில் போட்டேன். மத்தியானம் நீ வந்து நின்றாய்.

"அந்தப் பக்கத்துக் காய எவ பறிச்சது?"

"நான்தாங்க்கா. இன்னா இப்போ?"

"தின்னுட்டியா?"

அப்படியே திரும்பிப் போய்விட்டாய். பதினைந்து நாள் என்னோடு பேசவும் இல்லை. ஐந்து காய்க்கு இந்தப் பாடா என்று நான் கொதித்தேன். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவள் என்று என் வீட்டுக்காரரிடம் உன்னைத் திட்டினேன். தெரு முழுக்கக் காய் கொடுத்தவளை அப்படிச் சொன்னேன். அடுத்த வருஷத்திலிருந்து அந்தக் காய்களின் காம்பில் சிவப்பு நூல் கட்ட ஆரம்பித்தாய். எனக்காகத்தான் கட்டுகிறாய் என்று தெரிந்து இன்னும் கோபம் வந்தது.

காலம் போகப் போக விளக்குப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூக்க ஆரம்பித்தது. நான் கவனித்தேன். பல்பு மங்கிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். பார், நான்தான் யோசிக்கிறவள்!

போன பங்குனியில் நீ போனாய். ஒரு வாரக் காய்ச்சல், அவ்வளவுதான். ஆடியில் டின்னைத் திறந்தேன். இரண்டு முடிச்சையும் கலந்துவிட மனசு வரவில்லை. விளக்குப் பக்கம் இரண்டு குழி, கிணற்றுப் பக்கம் இரண்டு குழி வெட்டினேன். இரண்டு பக்கமும் வெள்ளை முடிச்சு ஒரு குழியில், சிவப்பு முடிச்சு ஒரு குழியில் போட்டு, அந்தந்தத் துணியையே கிழித்துக் குச்சியில் கட்டினேன். ஐப்பசியில் கம்பத்தில் புது பல்பு மாட்டினார்கள். ஊசி விழுந்தால் எடுக்கலாம், அப்படி ஒரு வெளிச்சம்.

கிணற்றுப் பக்கம் இரண்டும் பூத்தன. விளக்குப் பக்கம் வெள்ளைத் துணிக் கொடி இலையாக நிற்கிறது. சிவப்புத் துணிக் கொடி தீபம் முடிந்த வாரமே மொட்டு விட்டது. இப்போது அந்தப் பளீர் வெளிச்சத்தில் நுனி வரை பூத்துக்கொண்டு நிற்கிறது, அக்கா.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விளக்கைப் பொறுத்துக்கொண்டு எந்தக் கொடி ஒன்றிரண்டு காய் பிடித்ததோ அதன் விதையை எடுத்தாய். மறுவருஷம் அதையே விளக்கடியில் ஊன்றினாய். மறுபடி அதிலிருந்து எடுத்து, என் புடவைத் துணியில் முடிந்து வைத்தாய். ஒன்றும் சொல்லாமல் எத்தனை பனிக்காலம்! நடுவில் ஒரு வருஷத்து உழைப்பை நான் சாம்பாரில் போட்டுத் தின்றுவிட்டேன்.

நேற்று காலை மாமா பந்தலடிக்கு வந்தார். உன்னிடம் சொல்லாமல் விட்டதை அவரிடம் சொன்னேன். வேளாண்மை ஆபீஸ் அம்மா, புடவை, எல்லாம். அவர் அந்தச் சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெளக்காலதான்னு அன்னிக்கே தெரிஞ்சிருந்தா ஒடச்சிருப்பேன். நானே ஒருக்கா கேட்டேன், வெளக்கு வந்தப்புறம்தானடி இப்படி ஆச்சுன்னு. இல்லவே இல்ல, ஜனங்க கண்ணுதான்னு சத்தியம் பண்ணா. சாவற வரைக்கும் கண்ணுன்னுதான் சொல்லிக்கினு இருந்தா."

நான் உனக்குத் தெரியாமல் காப்பாற்றிய விளக்கை, நீ எனக்குத் தெரியாமல் காப்பாற்றியிருக்கிறாய்.

இப்போது என் மகள் டவுனில் படிக்கிறாள். ஏழு மணி பஸ்ஸில்தான் வருகிறாள். இதோ, யாரோடோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டு பந்தலைத் தாண்டி வருகிறாள். ஏன் அம்மா இந்த அவரை மட்டும் இங்கே பூக்கிறது என்று நேற்று கேட்டாள். அப்படித்தான் என்று சொல்லவில்லை. உட்காரவைத்து முழுக்கச் சொன்னேன்.

பொங்கலுக்கு உன் கூடையை எடுத்துக்கொண்டு நான்தான் தெருவுக்குப் போகப் போகிறேன். உன் நடை எனக்கு நன்றாகவே வரும். விளக்குப் பக்கத்தில் நல்ல காயாகப் பார்த்து ஐந்துக்குச் சிவப்பு நூல் கட்டிவிட்டேன், அக்கா. இந்தத் தடவை தின்ன மாட்டேன்.