மச்சான் கேட்ட முழங்கைப் படம்

10.07.2025, வியாழன்

காற்று. மூன்றாவது நாளாகக் காற்று. காயப்போட்ட கருவாட்டில் பாதி இங்கே பள்ளிவாசல்துறையில் கிடக்கிறது, மீதி இந்நேரம் மன்னாருக்குப் போயிருக்கும். நான் ஓடிப்போய்ப் பிடித்ததால் இவ்வளவாவது தப்பியது. இந்த வயதிலும் நான் ஓடினால் காற்று பின்னால்தான் வரும்.

ஸஃப்னா வந்தாள், அத்தாஉல்லா மச்சானின் மகள். மச்சான் என்றால் என் மனைவி உம்மு குல்சூமின் நானா, கூடப்பிறந்த அண்ணன். என்னைவிட மூன்று மாதம் மூத்தவன், பார்த்தால் முப்பது வருஷம் மூத்தவன் போல இருப்பான். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து ஒரு வருஷமாகிறது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. ஆசுபத்திரியில் ஒப்பரேசனுக்கு இரண்டு தடவை திகதி கொடுத்தார்கள். இரண்டு தடவையும் போகிற அன்று காலையில் அவனுக்கு வயிற்றுவலி. மூன்றாவது திகதி ஓகஸ்ட் 13. இதையும் விட்டால் முத்திப்போகும், பிறகு பார்வை திரும்புமென்று சொல்ல ஏலாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"மாமா, வாப்பா உங்கட கதையைத்தான் கேப்பார். நீங்க ஒருக்கா சொல்லிப் பாருங்க."

அது உண்மை. இந்தக் கரையில் செய்னுலாப்தீனின் கதையைக் கேட்காதவர் யார்? சொல்கிறேன் என்றேன். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. கண்ணுக்குள் கத்தி வைப்பார்கள் என்று நினைத்தால் எனக்கே வயிறு வலிக்கிறது. இது உம்மு குல்சூம் படிக்கும் கொப்பி அல்ல, அதனால் எழுதுகிறேன்.

11.07.2025, வெள்ளி

வெள்ளிக்கிழமை தோணி இறங்காது. ஜும்ஆ முடிந்து சோறு தின்றால் ஊர் ஆண்களெல்லாம் றிஸ்மினின் தேத்தண்ணிக் கடையில். சுவரளவு டீவி வாங்கிய நாளிலிருந்து வெள்ளிக்கு ஒரு படம் போடுகிறான். இன்று தாய்லாந்துச் சண்டைப் படம். பெயரை ஒருவராலும் வாசிக்க முடியவில்லை. கதாநாயகன் கையால் குத்துவது குறைவு, எல்லாம் முழங்கையும் முழங்காலும். ஆகவே கடை அதற்கு 'முழங்கைப் படம்' என்று பெயர் வைத்தது. பேச்சு தாய்லாந்துப் பாஷை, கீழே ஓடுவது இங்கிலீசு. ஒரு வரியை எழுத்துக்கூட்டி முடிக்குமுன் மூன்று பேர் விழுந்துவிடுகிறார்கள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்காமல்? மதுரங்குளிப் பக்கம் இறால் பண்ணை ஒன்றில் தாய்லாந்து இஞ்சினியர் ஒருவருக்கு இரண்டு வருஷம் வலது கையாக இருந்தவன் நான். நான் இல்லாவிட்டால் அந்த மனிதர் ஒரு குளத்துக்கும் இறங்கமாட்டார். ஐந்தாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன், கணக்குப் பார்த்தால் ஏழாம் வகுப்பு. பாஷை சும்மா ஏறியது.

உள்ளதை எழுதினால், எனக்குத் தெரிந்தது முப்பது வார்த்தை. நாம் என்றால் தண்ணீர், குங் என்றால் இறால், கின் என்றால் தின். முப்பதும் இறால் வளர்க்கத் தேவையானவை. படத்தில் இறாலே வரவில்லை.

மச்சான் பக்கத்துக் கதிரையில் இருந்தான். என்னடா நடக்குது, என்னடா நடக்குது என்று விலாவில் இடித்துக்கொண்டே இருந்தான். சொல்லத் தொடங்கினேன். கதாநாயகன் உப்பளத்தில் வேலை செய்கிறவன் என்றேன். திரையில் அது ஐஸ் பெக்டரி. வெள்ளையாகக் குவிந்திருந்தது, வாய் உப்பு என்றுவிட்டது. சொன்ன பிறகு எப்படித் திருப்புவது?

அவனுடைய நானாவை ஒரு கள்ளக் கூட்டம் பிடித்து வைத்திருக்கிறது, இவன் மீட்கப் போகிறான். அதுவரை சரி. வெள்ளைச் சட்டைக் கிழவர் ஒருவர் வந்தார். நல்ல முகம். இவனுக்குத் தாய்மாமன் என்றேன். அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் அவர்தான் கூட்டத்துக்குத் தலைவர், கதாநாயகனைப் படிக்கட்டிலிருந்து உதைத்து உருட்டுகிறார். "மருமகன்ட பலத்தைச் சோதிக்கிறார்" என்றேன். கடை முழுக்க ஆமோதித்தது.

உப்பளச் சண்டையில் ஒருவன் உப்பை அள்ளிக் கதாநாயகனின் கண்ணில் வீசினான். படத்தில் அப்படி இல்லை. மச்சான் இருக்கிறானே என்று நானாக வீசினேன். கண் தெரியாமலே பதினெட்டுப் பேரை விழுத்தினான். படத்தில் ஆறு. பிறகு ஒரு டாக்டர் வந்து கண்ணைத் திறந்துவிட்டார், ஐந்து நிமிஷ வேலை, நோவே இல்லை என்று சொன்னேன்.

மச்சான் விலாவில் இடிப்பதை நிறுத்தினான். தேத்தண்ணிக் கிளாஸைப் பிடித்தபடி இருந்தான்.

12.07.2025, சனி

ஊரில் வேறு கதை இல்லை. த்ரீவீல் ஓட்டும் ஃபாஹிம், எல்லாம் கயிறு கட்டி இழுப்பது, கயிற்றை அவிழ்த்துவிட்டு அடித்துக் காட்டட்டும் பார்ப்போம் என்கிறான். றிஸ்மினுக்கு நல்ல படம், ஏனென்றால் பாதியில் ஒருவரும் எழும்பவில்லை. உடப்பிலிருந்து மீன் எடுக்க வரும் வீரகத்தி அண்ணன்தான் கொஞ்சம் யோசித்துச் சொன்னார். சண்டைக்கு முந்தி அவன் தலையில் கயிறு கட்டி நாலு பக்கமும் கும்பிட்டானே, அதுதான் படமாம். தங்கள் ஊரில் தீ மிதிக்க இறங்குகிறவனின் முகமும் அப்படித்தான் இருக்குமாம், மற்றதெல்லாம் வெறும் அடிபிடியாம்.

உம்மு குல்சூம் முழுக் கதையையும் என் வாயால் கேட்டுவிட்டு, மீன் செதிலைத் தட்டியபடி சொன்னாள்: "விடிஞ்சதிலிருந்து அடிபடுறான். அவனுக்கு ஒரு வாய் சோறு குடுக்க அந்த நாட்டில ஆளில்லையா?"

எல்லாவற்றிலும் நல்ல அபிப்பிராயம் இதுதான். பின்னேரம் கடையில் சொன்னேன், என்னுடையதாக.

13.07.2025, ஞாயிறு

மச்சான் மட்டும் இன்னும் அபிப்பிராயம் சொல்லவில்லை.

18.07.2025, வெள்ளி

ஊர் கேட்டதால் அதே படம் இரண்டாம் தடவை. இன்று இருபத்தைந்து பேரை விழுத்தினேன்.

முடிந்ததும் சண்டை கடைக்குள் வந்தது. அர்கம் மீன் வாடியில் ஐஸ் உடைக்கிறவன், மச்சான் முப்பது வருஷம் பார்த்த அதே வேலை. அவன் எழும்பி, முழங்கையால் ஐஸ் கட்டி உடையாது, இரும்பு ஊசியால் குத்தியே தன் தோள் கழன்றுவிட்டது, படம் எடுத்தவன் ஒரு நாளும் ஐஸைத் தொட்டதில்லை என்றான்.

"எங்க ஐஸ்? அது உப்பளம்" என்றான் மச்சான்.

"அத்தாஉல்லா நானா, அது ஐஸ் பெக்டரி. உங்களுக்குக் கண் தெரியல்ல."

றிஸ்மின் கரண்டியைக் கீழே வைத்தான்.

"கண் தெரியாட்டி என்ன?" மச்சான் குரலை உயர்த்தவில்லை. "செய்னுலாப்தீன் உப்பெண்டு சொன்னான். உப்புத்தான்."

அர்கம் என்னைப் பார்த்தான். நான் கிளாஸுக்குள் பார்த்தேன். அவன், சரி நானா, உப்புத்தான் என்று சொல்லி உட்கார்ந்தான். நல்ல பிள்ளை.

20.07.2025, ஞாயிறு

மச்சான் அஸர் தொழுகைக்குப் பிறகு என் கருவாட்டு வாடிக்கு வந்தான், மதிலைத் தடவித் தடவித் தனியாக.

"அந்த உப்பளச் சண்டைய ஒருக்காக் கண்ணால பாக்கணும்டா. பதின்மூண்டாந் திகதி போவம்."

ஸஃப்னா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாமா, நீங்க இல்லாட்டி நடந்திருக்காது என்றாள். உம்மு குல்சூம்கூட இன்று எனக்குப் பெரிய மீன் துண்டு வைத்தாள். டாக்டர்மார் மூன்று தடவை கூப்பிட்டு வராதவனை ஒரு படத்தால் கொண்டுவந்தவன் நான். (இரண்டு தடவை.)

21.07.2025, திங்கள்

அவன் பார்க்கப்போகிறான். உப்பு இல்லை, டாக்டர் இல்லை, இருபத்தைந்து பேர் இல்லை. யா அல்லாஹ்.

29.07.2025, செவ்வாய்

அந்தப் படத்தை அழித்துவிடு, சமூகத்துக்குக் கூடாது என்று றிஸ்மினிடம் சொன்னேன். மூன்று இடத்தில் ஏற்றி வைத்திருக்கிறானாம்.

13.08.2025, புதன்

காலையில் மச்சான் வீட்டுக்குப் போய் வயிறு வலிக்குதா என்று கேட்டேன். இல்லை என்றான். எனக்கு வலித்தது.

வலது கண் முடிந்தது. உள்ளே போகுமட்டும் என் கையை விடவில்லை. ஐந்து நிமிஷமா என்று கேட்டான். ஓம் என்றேன். டாக்டர் என்னுடன் தனியாகக் கதைத்தார். கொஞ்சம் வெளியில் நில்லுங்கள் என்றார். இருபது நிமிஷம். வாசலில் நின்று எனக்குத் தெரிந்த துவா எல்லாம் ஓதினேன். தெரியாததையும் ஓதினேன்.

14.08.2025, வியாழன்

கட்டை அவிழ்த்தார்கள். முதலில் ஸஃப்னாவைப் பார்த்தான், கன்னத்தைத் தொட்டான். பிறகு உம்மு குல்சூமை. பிறகு என்னை, மேலிருந்து கீழாக. "நீ இவ்வளவு கட்டையா?" என்றான்.

வெளிச்சம் பழகவில்லை, அப்படித்தான் தெரியும் என்றேன். அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ்.

22.08.2025, வெள்ளி

படம் போட்டார்கள். மச்சானுக்கு முன்வரிசைக் கதிரை. நான் பக்கத்தில் இருந்தேன். ஒரு சொல் சொல்லவில்லை. ஐஸ் பெக்டரி வந்தபோது நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிலத்தில் ஒரு எறும்பு பாண் துண்டு இழுத்தது, அதை முழுக்கப் பார்த்தேன்.

படம் எப்படி நானா என்று கேட்டார்கள். பரவாயில்லை என்றான். அவ்வளவுதான். வீட்டுக்குப் போகும் வழியில், இடது கண்ணுக்கு செப்டெம்பர் 24 திகதி கொடுத்திருக்கிறார்கள், போகப்போவதில்லை என்றான். இது போதுமாம்.

என்னால்தான். வேறு என்ன? பொய்ப் படத்தைக் காட்டிக் கூட்டிப் போனேன், இனி அவன் என் பேச்சை நம்பி எங்கே வருவான்? ஒரு கண்ணோடு இருந்துவிடுவானே. இதை நான் எப்படிச் சரிப்படுத்துவேன்?

23.08.2025, சனி

சுபஹுத் தொழுகை முடிந்து நேரே அவன் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் பாண் பிய்த்துச் சம்பலில் தொட்டுக்கொண்டிருந்தான்.

"மச்சான், அந்தப் படத்தில உப்பு இல்ல."

"தெரியும்."

"நேத்துப் பாத்திருப்பாய்."

"முதல் நாளே தெரியும். முப்பது வருசம் ஐஸ் உடைச்சவன்டா நான். ஐஸ் உடையிற சத்தம் எனக்குத் தெரியாதா? கண்தானே போச்சு."

அப்போ ஏன் அர்கமோடு மல்லுக்கு நின்றாய் என்று கேட்டேன்.

"அத்தனை பேருக்கு முன்னால உன்னை விட்டுக் குடுக்கவா? என்ட தங்கச்சிட மாப்பிள்ளை நீ."

பாண் ஒரு துண்டு பிய்த்து என் பக்கம் நீட்டினான். பிறகு, எல்லாம் தெரிந்தால் இடது கண்ணுக்கு ஏன் போகமாட்டாய் என்று கேட்டேன். கொஞ்சம் மென்றுவிட்டுச் சொன்னான்:

"இந்தக் கண் வந்த நாளிலிருந்து நீ எனக்கு ஒரு கதை சொல்லல்ல. நேத்தும் பக்கத்தில மையத்து மாதிரி வாயைத் திறக்காம இருந்தாய். ஒரு கண்ணுக்கே இப்படி எண்டா, ரெண்டும் தெரிஞ்சா நீ ஊமையாகிருவாய். எனக்கெதுக்கு அந்தக் கண்?"

சம்பல் உறைப்பு, கண் கலங்கியது. சொல்வேன் மச்சான் என்றேன். இரண்டு கண்ணும் தெரிந்தாலும் சொல்வேன்.

"பொய்யா?"

"பொய்தான்."

24.09.2025, புதன்

இடது கண்ணும் முடிந்தது. இருபத்திரண்டு நிமிஷம். வயிற்றுவலி ஒருவருக்கும் இல்லை.

26.09.2025, வெள்ளி

ஒரு கிழமைக்கு டீவி பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டில் இருக்கச் சொன்னால் கேட்கிறானா? கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைக்கு வந்தான். றிஸ்மின் அதே முழங்கைப் படத்தைப் போட்டான். மச்சான் எழும்பி, கதிரையைத் தூக்கி, டீவிக்கு முதுகைக் காட்டி, என் முகத்துக்கு நேரே போட்டு உட்கார்ந்தான்.

டாக்டர் டீவியைத்தான் பார்க்க வேண்டாமென்றார் என்று ஊருக்குச் சொன்னான். என்னிடம், "தொடங்கு" என்றான்.

இரண்டு கண்ணும் தெரிகிற ஒருவன் இவ்வளவு கிட்டத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போது கதை சொல்வது சின்ன வேலை அல்ல. இந்தத் தீவில் என்னைத் தவிர ஒருவருக்கும் ஏலாது. தாய்மாமனைக் கொண்டுவந்தேன். படிக்கட்டில் உருட்டினேன். அந்த வெள்ளை இடம் வந்தது. அர்கம் என்னைப் பார்த்தான், ஃபாஹிம் பார்த்தான், றிஸ்மின் கரண்டியோடு நின்றான்.

"இது வந்து... ஐஸ் பெக்டரி" என்றேன்.

மச்சான் கண்ணாடியைக் கழற்றினான்.

"உப்பு" என்றான்.

அள்ளி வீசினேன். இன்று நாற்பது பேர்.