பங்களாக்காரருக்கு ஒரு மூக்குக்கண்ணாடி

மார்ச் 4
கண்ணாடிக் கடையில் இன்று பதினோரு பேருக்குப் பார்வைச் சோதனை. வீட்டுக்கு வந்தால் அத்தை உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு ஒரு வரன் கொண்டுவந்திருக்கிறாள் – பங்களா வீட்டு ஒரே பிள்ளை. வாசல் கேட்டின் அகலத்தைச் சொன்னாள், தோட்டத்தைச் சொன்னாள், பெயரை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. ஆகவே இந்த நோட்டில் அவர் 'பங்களா'. எனக்கு முப்பத்திரண்டு வயது என்பதை நான் மறந்துவிடக் கூடாதே என்று மூன்று தடவை நினைவுபடுத்தினாள்.

மார்ச் 9
பங்களாவும் அவர் தாயாரும் வந்து போனார்கள். அவர் கதவு நிலையில் இடித்துக்கொண்டார். பிறகு அலமாரி ஓரம் நின்ற என் அம்மாவைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார். அம்மாவுக்கு அறுபது. அடக்கமான பிள்ளை, பெண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்று அத்தைக்குப் பூரிப்பு. எனக்குத் தொழில் புத்தி – கிட்டப்பார்வை, பவர் மைனஸ் நாலாவது இருக்கும்.

மார்ச் 10
அம்மா காய்கறிக்காரரிடம் பேரம் பேசவில்லை. இப்போதே பங்களாச் சம்பந்தி நடை வந்துவிட்டது.

மார்ச் 13
பங்களா தனியாகக் கடைக்கு வந்தார், தாயாருக்குத் தெரியாமல். கண்ணாடி போட்டால் நல்ல இடம் அமையாது என்று அந்தம்மாள் பதினைந்து வருஷமாகத் தடுத்து வைத்திருக்கிறாராம். மைனஸ் ஐந்தேகால்! சோதனைக் கண்ணாடியை மாட்டியதும் எதிர்க்கடைப் பலகையைக் குழந்தை மாதிரி எழுத்துக் கூட்டி வாசித்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.
"நீங்கதானா அது?"
"அன்னைக்கு நீங்க பாத்துச் சிரிச்சது எங்கம்மாவை."
காதுவரை சிவந்துபோனார். நல்ல மனுஷன்தான்.

மார்ச் 16
அத்தை மூலம் நிபந்தனை வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் கடைக்குப் போகக் கூடாது. பங்களா வீட்டு மருமகள் ஊரார் கண்ணுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதாவது! அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன்: பன்னிரண்டு வருஷமாக் கத்துக்கிட்ட வேலை – அப்படியே வச்சிட்டு வந்துடணுமா? என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?

மார்ச் 18
பங்களா கண்ணாடி வாங்க வந்தார். மாட்டிவிடும்போதே கேட்டேன், அவருக்கும் அதுதான் விருப்பமா என்று. அம்மா சொன்னால் சொன்னதுதான் என்றார்.
"அப்ப எனக்கு வேண்டாங்க."
காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த ஆளுக்கு நான் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டினேன்.

மார்ச் 19
இனி எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாளாம் அத்தை. பிஸ்கட் மட்டும் சாப்பிட்டாள்.

ஏப்ரல் 27
தெருவில் கண்ணாடி போட்ட ஆண் யார் வந்தாலும் திரும்பிப் பார்க்கிறேன். என் தொழிலுக்கு இது ஆகாது. எத்தனை பேரைத்தான் பார்ப்பது?

ஜூன் 8
பங்களா எங்கள் வீட்டுக்கே வந்தார், அத்தை இல்லாமல். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் சேர்ந்து ஒரு மாதமாகிறதாம். தனியாக வீடும் பார்த்து வைத்திருக்கிறார்.
"நீங்க கடைக்குப் போங்க, நான் அச்சகத்துக்குப் போறேன். அம்மாகிட்ட சொல்லிட்டேன்."
"என்ன சொன்னாங்க?"
"இன்னும் சொல்லிக்கிட்டே இருக்காங்க."
யோசிக்க வேண்டும் என்றேன். கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா தொண்டையைச் செருமினாள்.

ஜூன் 9
யோசித்தாயிற்று.

ஆகஸ்ட் 25
பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். வந்தவர்களிடமெல்லாம் அத்தை, "நான் கொண்டுவந்த வரன்" என்கிறாள். பங்களாவிலிருந்து யாரும் வரவில்லை. அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 12, ஞாயிறு
மாமியார் வந்தார். மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க. எங்கள் சமையலறை அவர் வீட்டுக் குளியலறையில் பாதிகூட இல்லை என்று வாசலில் நின்றபடியே சொன்னார். அப்புறம் உள்ளே வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். மகனுடைய சட்டையில் அச்சு மை இருப்பதைக் கண்டித்தார். இரண்டு மணி நேரம் கழித்து எழுந்தபோது படிக்கட்டில் நான் கை கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிடித்துக்கொண்டார்.
"அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரேன்மா. அங்க அத்தனை ரூமுலயும் நான் ஒருத்திதான்."