சிவனுவுக்கு விட்ட இடம்

எனாமல் பெயிண்ட் வாடை இன்னும் என் விரலை விட்டுப் போகவில்லை. நம் தோட்டத்து ரோட்டு முனையில் இன்று காலை போர்டு திறந்தார்கள். நீ கேட்ட போர்டு. நீதான் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தபால் பையோடு பிரதேச சபையில் நான் படம் வரையும் மேசைக்கு வந்தாய். கடிதம் கொடுக்கப் போன தொழிலாளர் குடியிருப்பு லயங்களிலெல்லாம் வயதானவர்களிடம் கேட்டுக் கேட்டு, இந்த ரோட்டை வெட்டியவர்களின் பெயர்களைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தாய். அறுபத்தொரு பெயர். எல்லாவற்றையும் ரோட்டு முனையில் போர்டாக வைக்கக் கேட்டாய். நான் ஸ்கேலை எடுத்தேன்.

"லூசாடா நீ? மூணு மொழியில அறுபத்தொரு பேரா? எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். பஸ்ஸுல போறவன் எப்படிப் படிப்பான்? தொழிலாளர்கள் போட்ட ரோடுன்னு ஒரு வரி போதும்."

"பஸ்ஸுல போறவன் படிக்க வேணாம். நடந்து போறவங்க நின்னு படிக்கட்டும். எழுத்தச் சின்னதாக்கு, பேரக் குறைக்காத."

கொப்பியை மேசை லாச்சியில் போட்டு மூடினேன். போன வருஷ மழையில் உன் பைக் சறுக்கி நீ போன பிறகுதான் அதைத் திறந்தேன். அதற்குச் சாக்குச் சொல்ல மாட்டேன். சோம்பேறித்தனம்தான்.

மலையக மக்களின் உழைப்பை நினைவுகூரச் சபை தீர்மானம் போட்டது. ஓர் உறுப்பினர் கேட்டார்: "பேரெல்லாம் எதுக்குத் தம்பி? தொழிலாளர்கள்னு ஒரு வரி போதாதா?"

என் வாக்கியத்தை அவர் வாயில் கேட்கச் சகிக்கவில்லை.

"போதாதுங்க. இதே ரோட்டுப் பாலத்துக் கல்லுல வெள்ளக்காரத் துரை பேரு முழுசா இருக்கு" என்றேன். ஒன்றுக்கு இரண்டு போர்டாக வரைந்திருந்த படத்தை மேசையில் விரித்தேன்.

இன்று சபைத் தவிசாளர் பெயர்களை வாசித்தார். "பெரியசாமி மகள் மாரியாயி."

"வந்திருக்கேங்க!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். கொழுந்தெடுக்கும் மாரியாயி அக்கா. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லியே பழகிய வாய்.

"யக்கோவ், அது ஒங்க பாட்டி! ஒங்களுக்கு இன்னைக்கு லீவு!" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"எனக்கும் அவுக பேருதானடி வச்சாங்க. நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா?"

சிரிப்பு அடங்கியதும் அடுத்த பெயருக்கு ஒருவர் கை தூக்கினார், "எங்க தாத்தாங்க" என்று. அப்புறம் ஒவ்வொரு பெயருக்கும் யாராவது ஒருவர் வந்திருந்தார். நீ நின்று கேட்டிருக்க வேண்டும்டா.

கடைசிப் பெயர் சிவனு. தவிசாளர் இரண்டு தடவை கூப்பிட்டார். பதில் இல்லை.

உன் கொப்பியில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாய்: "அப்பா பேரு கேக்கணும்." போர்டில் அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு பெயர் எழுதும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன். அதைப் பிழை என்று நினைத்துப் பெயிண்டர் நிரப்பப் பார்த்தான், நான் விடவில்லை.

கொப்பி இப்போது என் பையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேல் டிவிஷன் லயத்துக்குப் போகிறேன். எனக்குப் பொறுமை கிடையாது என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் கதவு கதவாகக் கேட்பேன்.